மேஜையில் காட்டியது ஒன்று, பெட்டியில் கொடுத்தது வேறொன்று: லினக்ஸுக்கு லேப்டாப் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போடுவதற்கென்று லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடை மேஜையில் வைத்திருக்கும் டிஸ்பிளே பீஸைச் சோதித்துப் பார்த்தால் போதாது. உங்கள் கையில் கொடுக்கப்போகும் பெட்டியையே பிரிக்கச் சொல்லி, அதிலேயே லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகி ஓட்டிப் பார்த்த பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு ஒப்பாத கடை எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

என் அண்ணன் வலங்கைமான் பக்கம் விவசாயம் செய்கிறார். அவர் மகள் திருவாரூரில் முதுகலை படிக்கிறாள். ஆர், பைத்தான் என்ற நிரல்மொழிகள் இரண்டும் தினமும் வேண்டும். என் வீட்டில் பல வருஷமாக லினக்ஸ்தான் ஓடுகிறது, தமிழ்99 விசைப்பலகையில் அதில்தான் தட்டச்சு செய்கிறேன். அதைப் பார்த்துப் பழகியவள் தனக்கும் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுதான் வேண்டும் என்றாள். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, வங்கிக்குப் பணம் வந்ததும் மூன்று பேருமாகத் தஞ்சாவூருக்குப் போனோம். கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது.

உள்ளே நுழைந்ததுமே லினக்ஸுக்குத்தான் வாங்குகிறோம் என்று சொல்லிவிட்டேன். உபுண்டு 24.04 பென்டிரைவும் கையில் இருந்தது. விற்பனைப் பையன் தயங்காமல் ஏஎம்டி கம்பெனியின் ரைசன் பிராசசர் போட்ட ஒரு மாடலைக் காட்டினான், விலை 52,000 சொச்சம். நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை பிடித்தது. சத்தம், கேமரா, டச்பேட் எல்லாம் சரி. மூடிவிட்டுத் திறந்தால் தூங்கி எழுந்தது. கட்டளை தட்டச்சு செய்யும் டெர்மினலில், உள்ளே என்ன சிப்புகள் இருக்கின்றன என்று காட்டும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளை கொடுத்துப் பார்த்தேன், வைஃபை சிப் ரியல்டெக் 8852பிஇ. அதை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் 6.2 பதிப்பிலிருந்தே உண்டு, உபுண்டு 24.04 முதலில் வெளிவந்ததே 6.8 கர்னலோடு. எனக்குத் திருப்தி.

"இதே பீஸைக் கொடுங்கள்" என்றேன். டிஸ்பிளே பீஸை விற்க மாட்டோம், சீல் பிரிக்காத பெட்டிதான் தருவோம் என்றான். சரி, அந்தப் பெட்டியைப் பிரித்துக் காட்டுங்கள் என்றதற்கு, பில் போட்ட பிறகுதான் சீலை உடைக்க முடியும் என்று மேலாளர் வந்து சொன்னார். "ஒரே மாடல் மேடம், உள்ளே எல்லாம் ஒண்ணுதான். நான் கேரண்டி." அப்படியானால் எழுதித் தாருங்கள் என்றேன். பில்லின் பின்பக்கத்தில், "உபுண்டு லினக்ஸில் வைஃபை உட்பட அனைத்தும் வேலை செய்யும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்திக் கொடுத்தார். அதன் பிறகுதான் அண்ணன் பணம் கட்டினார்.

பெட்டியை வாங்கலாம் என்று கை நீட்டினால், "செட்டப் பண்ணிக் கொண்டு வர்றோம்" என்று உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். வேண்டாம் என்று கூப்பிடக் கூப்பிடக் கதவுக்குள் போய்விட்டது. திரும்பி வந்தபோது சீல் உடைந்திருந்தது, விண்டோஸ் 11 திறந்து கிடந்தது, நாங்கள் கேட்காத ஆன்டிவைரஸும் ஏறியிருந்தது. ஆன்டிவைரஸுக்கும் செட்டப்புக்கும் சேர்த்து 1,900 ரூபாய்க்குத் தனி பில்!

அந்த மேஜையிலேயே பென்டிரைவைச் செருகினேன். உபுண்டு வந்தது. வைஃபை அமைப்பைத் திறந்தால், அடாப்டர் எதுவும் இல்லை என்றது. மறுபடியும் எல்எஸ்பிசிஐ. அதே மாடல் பெயர், அதே நிறம், அதே விலை. ஆனால் உள்ளே இருந்த சிப் மீடியாடெக் எம்டி7902. இதே கம்பெனியின் 7921 சிப்புக்கு 5.12 கர்னலிலிருந்து டிரைவர் இருக்கிறது. 7902க்கு என் பென்டிரைவில் இருந்த கர்னலில் இல்லை. இரண்டு எண்களும் பார்வைக்குப் பக்கத்துப் பக்கத்து எண்கள், ஒன்று ஓடும், மற்றது ஓடாது. லேப்டாப் கம்பெனிகள் ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று கம்பெனிகளிடம் வைஃபை கார்டு வாங்கிப் போடுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். பெட்டியின்மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் "வைஃபை 6" என்று மட்டும் இருக்கும், யாருடைய சிப் என்று இருக்காது.

மேலாளர் பதில் இது: "விண்டோஸ்ல வைஃபை வேலை செய்யுதுல்ல மேடம்? அப்ப பொருள்ல குறை இல்ல." அவர் கையெழுத்தையே திருப்பிக் காட்டினேன். சீல் உடைந்த பெட்டியைக் கம்பெனி திரும்ப எடுக்காது என்றார். சீலை உடைத்தது அவருடைய ஆட்கள்! லினக்ஸ் போட்டால் வாரண்டியே போய்விடும் என்று அப்புறம் பயமுறுத்தினார். பெட்டிக்குள் இருந்த வாரண்டித் தாளை அங்கேயே பிரித்து வரிவரியாகப் படித்தேன். மென்பொருள் கோளாறுக்குப் பொறுப்பில்லை என்று இருந்தது. வேறு இயங்குதளம் போட்டால் வன்பொருள் வாரண்டி ரத்து என்று ஒரு வரிகூட இல்லை. இப்படி யாராவது சொன்னால் அந்தத் தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

அண்ணன் அதுவரை பேசவே இல்லை. "என் நெல்லில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் காயவைத்துக் கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறார்கள். மாதிரிக்கு ஒரு நெல்லைக் காட்டிவிட்டு மூட்டையில் வேறு நெல்லைக் கட்டினால் விடுவார்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். மேலாளர் அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. இது வைஃபையைவிட மோசம். பயாசில் (இயங்குதளம் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை அமைப்பில்) செக்யூர் பூட் என்ற தொடக்கப் பாதுகாப்பை நிறுத்தியதும் விண்டோஸ் நீல நிறத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கைப் போட்டு நுழைந்தாலே பல லேப்டாப்புகளில் டிஸ்க் தானாகக் குறியாக்கம் ஆகிவிடும் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும்), அதன் சாவி அந்தக் கணக்கில் போய்ச் சேரும். கடைப் பையன் "செட்டப்" செய்தபோது போட்டிருந்தது கடையின் பொதுக் கணக்கு. அதாவது எங்கள் லேப்டாப்பின் சாவி கடைக்காரரிடம். செக்யூர் பூட்டைப் பழையபடி வைத்ததும் விண்டோஸ் திறந்தது. உடனே உள்ளே போய்க் குறியாக்கத்தை நிறுத்தி, அந்தக் கணக்கையும் நீக்கினேன். உங்கள் லேப்டாப்பைக் கடையில் செட்டப் செய்து கொடுத்திருந்தால், அமைப்புகளில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். லினக்ஸ் போடாதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாளைக்குத் திரை சாவி கேட்டால் படித்தது, எழுதியது எல்லாம் போய்விடும்.

ரேமிலும் பொய். "அப்புறம் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கலாம்" என்று சொல்லி விற்றார்கள். கம்பெனியின் சர்வீஸ் கையேட்டைப் பார்த்தால் ரேம் மதர்போர்டோடு பற்றவைத்தது, தனி ஸ்லாட்டே இல்லை. இந்தக் கையேடுகளும் விவரத்தாள்களும் இணையத்தில் இருக்கின்றன, கடைக்காரர் வாக்கை நம்பாமல் அங்கே பாருங்கள்.

வைஃபை கார்டை மாற்ற முடியாதா என்று பலர் கேட்டார்கள். எங்கள் மாடலில் முடியும். அடிப்பக்க மூடியைக் கழற்றினால் விரல் நக அகலத்தில் ஒரு கார்டும், அதில் முடி மாதிரி மெல்லிய இரண்டு ஆன்டெனா கம்பிகளும் இருக்கும். இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு ரைசன் இயந்திரத்திலும் ஓடும். ஏஎக்ஸ்211ஐ மட்டும் தெரியாமல் வாங்கிவிடாதீர்கள், அது அதற்கேற்ற இன்டெல் பிராசசரோடுதான் வேலை செய்யும். ஆனால் புகார் முடியும்வரை நாங்கள் ஒரு திருகைக்கூடத் தொடப்போவதில்லை. "நீங்களே பிரித்துக் கெடுத்தீர்கள்" என்று சொல்ல இடம் கொடுக்கக் கூடாது. இப்போதைக்குப் போனை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தையே லேப்டாப்புக்கு எடுத்து (டெதரிங்) படிக்கிறாள். அதற்கு உபுண்டுவில் தனி டிரைவர் எதுவும் தேவைப்படவில்லை.

புகாரைப் பற்றி. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்தோம். அதற்குப் பிறகு கடையிலிருந்து அழைத்து 1,900 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், லேப்டாப்பை எடுக்க மாட்டோம் என்றார்கள். ஏற்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "குறைபாடு" என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், விற்பவர் தானே சொன்ன தரத்தில் பொருள் இல்லாவிட்டாலும் அது குறைபாடுதான். விண்டோஸில் ஓடுகிறதே என்ற வாதம் அதனால்தான் நிற்காது, அவர் எழுதிக் கொடுத்தது உபுண்டுவைப் பற்றி. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. திரும்ப எடுப்பதற்குப் பில்லில் காலக்கெடு போடாவிட்டால் 30 நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற முத்திரையைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், அண்ணன் திருவாரூர் மாவட்டத்தில்தான் போட்டிருக்கிறார்.

கடைக்குப் போகிறவர்கள் பென்டிரைவை மட்டும் மறக்காதீர்கள். இன்டெல் பிராசசர் என்றால் நிறுவும்போது டிஸ்க்கே தெரியாமல் போகலாம். பயாசில் விஎம்டி (டிஸ்க்கைக் கையாளும் இன்டெல் வசதி) என்ற அமைப்பை நிறுத்தினால் பெரும்பாலும் தெரியும், அது இயந்திரத்தின் குறை இல்லை. கைரேகை சென்சார் பல மாடல்களில் லினக்ஸில் ஓடாது, அதற்காக மட்டும் ஒரு மாடலை ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வைஃபை சிப்பின் பெயரை மட்டும் பணம் கட்டும் முன் உங்கள் கண்ணால் திரையில் பாருங்கள். எல்எஸ்பிசிஐ தரும் அந்த வரியைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மனுவோடு இணைத்திருக்கும் ஆதாரங்கள் மேலாளரின் கையெழுத்தும், டிஸ்பிளே பீஸிலும் எங்கள் பெட்டியிலும் எல்எஸ்பிசிஐ தந்த வரிகளைக் கடை மேஜையிலேயே எடுத்த இரண்டு படங்களும்தான்.