38,500 ரூபாய் கட்டிவிட்டு நந்தனம் சுவருக்கு வெளியே நின்றோம்: பெங்களூரு கச்சேரிக்குப் போகிறவர்கள் கவனம்

இந்த வார இறுதியில், 2025 பிப்ரவரி 8, 9 தேதிகளில், பிரிட்டிஷ் பாடகர் எட் ஷீரன் கச்சேரிக்குப் பெங்களூரு போக கடைசி நேரத்தில் "பேக்கேஜ்" தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பணம் போடுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. சென்னையில் 5-ஆம் தேதி புதன்கிழமை நடந்த கச்சேரிக்கு நானும் என் கணவரும் திருச்சியில் இருந்து கிளம்பிப் போனோம். இரண்டு டிக்கெட், இரண்டு ராத்திரி ரூம், வண்டி எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய். கேட்டுக்கு உள்ளே ஒரு அடிகூட வைக்கவில்லை.

விற்றவர்கள் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது ஒரு வழிக்கு வருகிற வரைக்கும் பெயர் வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். சோஷியல் மீடியாவில் மட்டும் கடை விரித்திருக்கிற ஒரு டூர் ஏஜென்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி டிக்கெட்டையும் ஓட்டல் ரூமையும் சேர்த்துக் கட்டி "கப்பிள் பேக்கேஜ்" என்று விற்கிறார்கள். இந்த மாதிரிப் பக்கங்கள் இப்போது ஏகப்பட்டது இருக்கின்றன, ஒன்றின் பெயரைச் சொன்னால் நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பார்கள்.

என் கணவர் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஷீரனின் ஆல்பங்கள் பலவற்றுக்குக் கூட்டல், பெருக்கல், வகுத்தல், சமம், கழித்தல் என்று வெறும் கணக்குக் குறிகள்தான் பெயர், இந்தச் சுற்றுப்பயணத்துக்கும் கணிதம் என்றே பெயர். அதனாலேயே "என்னை மனசுல வச்சுதான் பேர் வச்சிருக்கான்" என்று வகுப்பில் ஜோக் அடிக்கிற ஆள். 2011-இல் முதல் ஆல்பம் வந்த காலத்தில் இருந்து கேட்கிறார். அவர் பாட்டை விட இவருக்குப் பிடித்தது அந்த லூப் பெடல்தான். மேடையில் ஒற்றை ஆள், ஒரு கிட்டார், காலடியில் அந்தப் பெடல். கிட்டாரின் மரத்தைத் தட்டி ஒரு தாளம் போட்டு, அதை அங்கேயே பதிந்து ஓடவிட்டு, அதற்கு மேல் கிட்டார், அதற்கு மேல் குரல், அதற்கு மேல் இன்னொரு குரல் என்று கூட்டத்தின் கண் முன்னாலேயே அடுக்கிக்கொண்டே போவார். அதை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பது இவருடைய ரொம்ப நாள் ஆசை. இதுவரைக்கும் அவர் இந்தியாவுக்கு வந்தபோதெல்லாம் மும்பையோடு போய்விட்டார். இந்தத் தடவைதான் புனே, ஹைதராபாத், சென்னை, பெங்களூரு, ஷில்லாங், டெல்லிப் பக்கம் குருகிராம் என்று ஊர் ஊராகப் போகிறார். சென்னையில் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம், புத்தகக் காட்சி நடக்கிற அதே இடம். எங்கள் கல்யாண நாளும் இந்த மாதம்தான். பையனை ஸ்ரீரங்கத்தில் அம்மாவிடம் விட்டுவிட்டு, கச்சேரி பார்த்து, மறுநாள் மாமல்லபுரம் போய்விட்டு வரலாம் என்று திட்டம். கல்யாணத்துக்கு அப்புறம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெளியூர் போவதே இதுதான் முதல் தடவை.

இவர்களை எப்படி நம்பினோம் என்று எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் அதை விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் போனில் பேசியது ஒரு பெண். நல்ல தமிழ், மதுரைப் பக்கத்துப் பேச்சு. அவசரப்படுத்தவே இல்லை. "அக்கா, யோசிச்சுட்டு சொல்லுங்க, சார் கிட்டயும் கேட்டுக்கங்க" என்றுதான் சொன்னாள். கல்யாண நாள் என்று நான் வாய்விட்டதும், "அப்ப ரூம்ல சின்னதா ஒரு கேக் வச்சிரச் சொல்றேன் அக்கா, அதுக்கு காசு வேணாம்" என்றாள். முட்டை இல்லாத கேக்கா என்று அவளே கேட்டாள். ஏமாற்றுகிறவள் முட்டையைப் பற்றியா கேட்பாள் என்று அப்போது தோன்றியது, இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஜிஎஸ்டி எண் போட்ட பில் அனுப்பினாள். இதற்கு முன்னால் வேறு கச்சேரிகளுக்கு ரூம் போட்டுக் கொடுத்த ஜோடிகள் என்று போட்டோக்கள் அனுப்பினாள்.

அடுத்துதான் முக்கியமான விஷயம். முன்பணம் 10,000 யுபிஐயில் போட்டோம். மீதியைப் போடும்போது இவர் 28,500-க்குப் பதிலாக 29,000 போட்டுவிட்டார். நாங்கள் கவனிக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் 500 ரூபாய் திரும்ப வந்து விழுந்தது, கூடவே ஒரு மெசேஜ்: "சார் 500 கூட வந்திருச்சு, கணக்கு சரியா இருக்கணும்ல." கணக்கு வாத்தியாரிடம் போய்க் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று சொன்னால் அவர் விழாமல் என்ன செய்வார்? அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணின் நேர்மையைப் பற்றித்தான் பேச்சு. 38,500 ரூபாயைப் பிடிக்க 500 ரூபாயைத் தூண்டிலில் மாட்டியிருக்கிறார்கள். யுபிஐயில் ஏஜென்சி பெயர் வராமல் யாரோ ஒரு தனி ஆள் பெயர் வந்தது, அதைக் கேட்டதற்கு "ஓனரோட அக்கவுண்ட் சார், கரண்ட் அக்கவுண்ட்ல லிமிட் பிரச்சினை" என்றார்கள். அந்த 500 திரும்பி வந்த பிறகு அதை யார் நோண்டுவார்கள்?

டிக்கெட் கடைசி வரைக்கும் வரவில்லை. "ஏற்பாட்டாளர்களே கச்சேரிக்கு முன்னாலதான் ரிலீஸ் பண்ணுவாங்க அக்கா, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றாள். திங்கட்கிழமை இரண்டு பிடிஎஃப் வந்தது. கியூஆர் கோடு, வரிசை எண், இடத்தின் பெயர், எல்லாம் பார்க்க அச்சு அசலாக இருந்தது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கினால் வண்டி தயாராக நிற்கிறது. தி. நகர் ஓட்டலில் எங்கள் பெயருக்கு ரூம் இருக்கிறது. கேக் இல்லை, சாயங்காலம் வரும் என்றார்கள், சரி என்று விட்டுவிட்டோம்.

மாலையில் கேட்டில் ஸ்கேன் செய்த பையன் ஒரு தடவை பார்த்தான், திரும்ப ஸ்கேன் செய்தான். "இது ஏற்கெனவே உள்ள போயிருச்சு மேடம்" என்றான். இரண்டாவது டிக்கெட்டும் அதே கதை. ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அந்த ஓரத்தில் ஏற்கெனவே ஒரு சின்ன கூட்டம். அதில் வேலூரில் இருந்து வந்த காலேஜ் ஜோடி ஒன்று, அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் போனில் இருந்த பிடிஎஃப்பைப் பார்த்தால் எங்களுடைய அதே வரிசை எண், ஒரு இலக்கம்கூட மாறவில்லை. வாங்கிய இடமும் அதே பக்கம். ஒரே டிக்கெட்டை எத்தனை பேருக்கு விற்றார்களோ, எங்களுக்கு முன்னால் எந்தப் புண்ணியவான் அதைக் காட்டி உள்ளே போனாரோ தெரியாது. கேட்டில் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையாகத்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் விற்காத டிக்கெட்டுக்கு அவர்கள் என்ன செய்ய முடியும்?

அந்தப் பெண்ணுக்கு போன் போட்டேன். எடுத்தாள், அதுதான் ஆச்சரியம். "அக்கா, பதட்டப்படாதீங்க, அது கேட் மாறி வந்திருப்பீங்க, வேற கேட்ல டிரை பண்ணுங்க." அந்தக் கூட்டத்தில் சுற்றிக்கொண்டு வேறு கேட்டுக்குப் போனோம், அதே பதில். மறுபடி போன். இப்போது ஒரு ஆண் குரல், சூப்பர்வைசராம். "மேடம், 2023-ல பனையூர்ல ரகுமான் கச்சேரி நடந்துச்சே, டிக்கெட் வச்சிருந்தவங்களையே உள்ள விடலையே, அதே மாதிரிதான் இங்கயும் ஓவர் கூட்டம். அப்ப எல்லாருக்கும் ரீஃபண்ட் குடுத்தாங்கல்ல? இதுக்கும் தானா வந்துரும், நீங்க ரூமுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்கிறான். பனையூரில் ஏமாந்தவர்களின் வயிற்றெரிச்சலை எடுத்து இவன் சாக்குக்கு வைத்துக்கொள்கிறான்! அங்கே டிக்கெட் உண்மையான டிக்கெட், உள்ளே இடம் இல்லை. இங்கே இடம் இருக்கிறது, டிக்கெட்தான் பொய். இதைச் சொன்னதும் லைன் கட். அதற்குப் பிறகு ரிங் போனது, யாரும் எடுக்கவில்லை.

ரூமுக்குப் போகலாம் என்றேன், இவர் வரவில்லை. அண்ணா சாலை ஓரமாகச் சுவருக்கு வெளியே நின்றோம். போலீஸ் நகரச் சொல்லும்போது நகர்ந்து, மறுபடி வந்து நின்றோம். பஸ் ஹாரனுக்கு நடுவில் அந்தத் தட்டு, அதற்கு மேல் கிட்டார், அதற்கு மேல் குரல் என்று அடுக்குவது கேட்கத்தான் செய்தது. "இப்ப ரெக்கார்ட் பண்றான், இப்ப விடுவான் பாரு" என்று இவர் எனக்கு விளக்கம் வேறு சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளே ஒரு சத்தம், அப்படி ஒரு கத்தல். என்ன என்று புரியவில்லை. பக்கத்தில் நின்றவர் போனைப் பார்த்துவிட்டு "ரகுமான் மேடைக்கு வந்துட்டாரு" என்றார். ஷீரன் பாட்டோடு நம்ம "ஊர்வசி"யைச் சேர்த்து இரண்டு பேரும் பாடியதை மறுநாள் ஊர் உலகமே வீடியோவில் பார்த்தது. நாங்களும் வீடியோவில்தான் பார்த்தோம், அது நடந்தபோது நூறு இருநூறு அடி தூரத்தில் நின்றிருந்தும். 38,500 ரூபாய்.

ரூமுக்குத் திரும்பினால் ரிசப்ஷனில் இன்னொரு குண்டு. ரூம் எங்கள் பெயரில் புக் ஆகியிருக்கிறது, பணம் கட்டவில்லை. "ஓட்டலில் கட்டிக்கொள்கிறோம்" என்கிற வகையில் போட்டிருக்கிறார்கள். அந்த ராத்திரிக்கு எங்கள் கையில் இருந்து கட்டினோம். மாமல்லபுரமாவது ஒன்றாவது, மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் அவர்கள் அனுப்பிய மெசேஜ்களை வரிசையாகப் படித்தால் சிரிப்பு வரும், பணம் உங்களுடையது இல்லை என்றால். முதலில் "ரீஃபண்ட் டீமுக்கு அனுப்பியாச்சு." அப்புறம் "ஏழு வேலை நாள் ஆகும்." அப்புறம் "ரூம் யூஸ் பண்ணிட்டீங்க, அதனால பேக்கேஜ் ரீஃபண்ட் கிடையாது, டெர்ம்ஸ் பாருங்க." நாங்களே பணம் கட்டின ரூமுக்கு! போலீசுக்குப் போகிறேன் என்று போட்டதும் "தாராளமா போங்க அக்கா" என்று ஒரு கும்பிடு எமோஜி. அதோடு பிளாக். கடைசி வரைக்கும் அக்காதான்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குக் கூப்பிட்டோம். அங்கே கேட்ட முதல் கேள்வியே பணம் எப்போது போட்டீர்கள் என்பதுதான். அந்த எண் வேலை செய்வது வேகத்தில், பணம் போன கையோடு சொன்னால் வாங்கினவன் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் பணம் போட்டது ஜனவரியில், ஏமாந்தது தெரிந்ததோ பிப்ரவரி 5 மாலையில். கச்சேரி டிக்கெட் மோசடியின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. கேட்டில் போய் நிற்கிற வரைக்கும் அது பொய் என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றுமே இருக்காது. அதுவரைக்கும் இருக்கிற நேரம் முழுவதும் அவனுடையது, அதற்குள் பணத்தை நாலு கணக்கு மாற்றி எடுத்துவிடுவான். பேங்கில் கேட்டால், "நீங்களே பின் போட்டு அனுப்பினது, எங்களால திருப்ப முடியாது, புகார் எண் குடுங்க" என்கிறார்கள். சைபர்கிரைம் போர்ட்டலில் போட்டாயிற்று, எண் வந்திருக்கிறது.

எச்சரிக்கை என்று விவரமாக எழுத நினைத்தேன், கை ஓயவில்லை ஆனால் மண்டை ஓய்ந்துவிட்டது. சுருக்கமாக: பிடிஎஃப், ஸ்கிரீன்ஷாட் எதையும் டிக்கெட் என்று வாங்காதீர்கள், கச்சேரிக்கு அதிகாரபூர்வமாக டிக்கெட் விற்கிற ஆப்பில் உங்கள் சொந்த லாகினுக்குள் வந்தால்தான் அது டிக்கெட். ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், யார் வேண்டுமானாலும் தேடலாம், காசு இல்லை. எங்கள் பில்லில் இருந்ததை இவர் நேற்றுதான் எண்ணினார், 15 எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 14 இருக்கிறது. ரூமுக்குப் பணம் கட்டியாகிவிட்டதா என்று ஓட்டலுக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள். யுபிஐயில் வேறு ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் கச்சேரி நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சந்தேகம் வந்த நிமிடமே 1930.

அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. என்னை பிளாக் செய்துவிட்டதால் அம்மா போனில் பார்த்தேன். இன்று காலையில் புதுசாக ஒரு போஸ்ட்: பெங்களூரு, 9-ஆம் தேதி, கடைசி நான்கு இடம், ஜோடிகளுக்குத் தள்ளுபடி, கேக் இலவசம். கமெண்ட் பகுதியை மூடி வைத்திருக்கிறார்கள். கேக் இலவசம் என்று யாராவது மெசேஜ் அனுப்பினால், அந்த வேலூர்ப் பெண்ணும் நாங்களும் காட்டிய பிடிஎஃப்பின் அதே வரிசை எண்தானா என்று எனக்கு அனுப்பிப் பாருங்கள், ஒப்பிட்டுச் சொல்கிறேன்.