மேற்பார்வையாளர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி: முதல் நாளுக்காகவே போகலாம்

பணியிடத்தில் கற்றலும் ஊக்கமும் பற்றிய பயிற்சி இது. எங்கள் அலுவலகத்திலிருந்து ஒன்பது பேர் போனோம். முடிந்த கையோடு எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன், ஆறு வாரம் கழித்து எழுதுவதால் மூன்றரைதான்.

முதல் நாள், மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிச் சொன்ன உளவியலாளர் மாஸ்லோவில் ஆரம்பித்தது. வழக்கமான பிரமிடைக் காட்டிய பயிற்சியாளர், மாஸ்லோவின் 1943 கட்டுரையில் இந்தப் படமே கிடையாது, பின்னால் வந்தவர்கள் வரைந்தது என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேலையில் ஊக்கம் பற்றிய ஹெர்ஸ்பெர்க், வ்ரூம் கோட்பாடுகள் எல்லாம் வேகமாகப் போயின, அதில் குறையில்லை.

மதியம்தான் விஷயமே. உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையை எங்களை வைத்தே செய்து காட்டினார். ஏழு மரத்துண்டுகளைச் சேர்த்து உருவம் செய்யும் புதிர். பக்கத்து மேசைக்கு உருவத்துக்கு ஒரு பரிசுச் சீட்டு, எங்கள் மேசைக்கு எதுவும் இல்லை. அப்புறம் “பரிசு அவ்வளவுதான், எட்டு நிமிடத்தில் வருகிறேன்” என்று வெளியே போய்விட்டார். பக்கத்து மேசையில் துண்டுகளைத் தள்ளிவைத்துவிட்டுப் போனை எடுத்தார்கள், நாங்களோ கடைசித் துண்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். டெசியின் சோதனையிலும் காசு வாங்கிப் புதிர் போட்டவர்கள், காசு நின்றதும் ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது. நான் போன வருடம் என் குழுவில் யோசனைக்கு ஒரு வவுச்சர் என்று ஆரம்பித்து நடுவில் நிறுத்தினேன். அதற்கு முன்பு சும்மாவே யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயைத் திறப்பதில்லை. ஏன் என்று அந்த எட்டு நிமிடத்தில்தான் புரிந்தது.

இரண்டாம் நாள் வருத்தம்தான். படித்தால் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்டால் 20 சதவீதம் என்று அந்தப் பழைய கூம்புப் படம் வந்தது. கல்வியாளர் எட்கர் டேல் 1946இல் போட்ட கூம்பில் எண்களே இல்லை, யாரோ பிறகு ஒட்டியவை. அடுத்து, நீங்கள் பார்த்துக் கற்பவரா கேட்டுக் கற்பவரா என்று ஒரு படிவம். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2008லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். மாஸ்லோ விஷயத்தில் அவ்வளவு கவனமாக இருந்தவர் இதை எப்படி விட்டார் என்றே தெரியவில்லை.

கற்றது நாளாக ஆக எப்படி மறந்துபோகிறது என்று காட்டும் எபிங்ஹாஸின் மறதி வளைகோட்டையும் காட்டினார்கள், 1885லிருந்து தெரிந்த சங்கதி. ஆனால் இடைவெளி விட்டு நினைவுபடுத்த அவர்களிடம் எந்த ஏற்பாடும் இல்லை. கேட்டதற்கு “ஸ்லைடு அனுப்புகிறோமே” என்றார்கள். போன வாரம் கூட வந்த நான்கு பேரிடம், ஊக்கத்துக்கு அடிப்படை என்று டெசியும் அவருடன் ஆய்வு செய்த ரயனும் சொன்ன மூன்று தேவைகள் என்ன என்று கேட்டேன். தன்னுரிமை, திறமை, உறவு என்று ஒருவர்தான் சொன்னார். மரத்துண்டுகள் மட்டும் நான்கு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

போகிறவர்கள் இரண்டாம் நாளுக்குப் பதிலாக வாரம் அரைமணி வீதம் நான்கு அமர்வு, ஒவ்வொன்றிலும் சின்ன வினாவிடை என்று கேட்டுப் பாருங்கள். நானும் அவர்களுக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.