கோரையை வெட்டுவதா, மருந்தடிப்பதா, வேகவைப்பதா?

புல்தரையில் முளைக்கும் கீழாநெல்லி, அம்மான் பச்சரிசியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஈரத்தில் வேரோடு பிடுங்கினால் போயிற்று. ஆளை அலைக்கழிப்பது கோரைதான். தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள்; மூன்று பட்டை தட்டுப்பட்டால் அது புல்லே இல்லை, கோரை. இது தெரியாமல் உரக்கடைக்குப் போனால் காசு வீண்.

எல்லோரும் முதலில் எடுப்பது களைக்கொத்து. நானும்தான். இழுத்தால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். மண்ணுக்கடியில் ஒரு கிழங்கும் அடுத்த கிழங்கும் மெல்லிய தண்டால் சங்கிலிபோலக் கோத்துக் கிடக்கும். முன்னே முளைத்தது மற்றவற்றை உறங்க வைத்திருக்கும். சங்கிலி அறுந்தால் உறங்கியவையும் விழித்துக்கொள்ளும். நான் கொத்திய இடத்தில் அடுத்த மாதம் முன்பைவிட அடர்த்தியாக வந்தபோதுதான் இது உறைத்தது. பத்து இருபது இளஞ்செடி என்றால் மட்டும் கொத்தலாம்: மழைக்கு மறுநாள், ஒரு சாண் ஆழம், கிழங்கோடு.

வினிகர் இலையைத்தான் சுடும். உப்பு போட்ட இடத்தில் அப்புறம் அருகம்புல்லும் வராது.

சரி, களைக்கொல்லி? கிளைபோசேட் கிழங்குவரை இறங்கும். ஆனால் புல்லையும் கொல்லும். தவிர, 2022 அக்டோபரில் வந்த மத்திய அரசு அறிவிப்பின்படி, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் மூலமாகத்தான் அதைப் பயன்படுத்த முடியும். 2,4-டி புல்லை விட்டுவிடும், அகன்ற இலைக் களைக்கு நல்லது. கோரைக்கு நுனி கருகும், மறுபடி துளிர்க்கும்.

மிஞ்சுவது ஹாலோசல்ஃப்யூரான் என்ற களைக்கொல்லி. அமெரிக்காவில் புல்தரைக்கென்றே விற்கிறார்கள். இங்கே கரும்புக்காக வருகிறது. அதனால் வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. புல் தப்பிக்கும், கோரை சாகும், ஆனால் மெதுவாக. இரண்டு மூன்று வாரம் மஞ்சளாகி நிற்கும். பொறுமையில்லாமல் மறுபடி அடித்துவிடாதீர்கள். அடிப்பதற்கு இரண்டு நாள் முன்பும் பின்பும் புல் வெட்டக் கூடாது, மருந்து இறங்க இலை வேண்டும். கரும்புக்கான அளவே ஏக்கருக்கு 36 கிராம்தான். ஒரு சென்டுக்கு அரை கிராம்கூட இல்லை. சமையலறைத் தராசை நம்பி இறங்கினால் புல்லும் வாடும்.

பாதிக்குமேல் கோரையாகிவிட்ட தரையில் மருந்துக்குச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் கொத்திப்போட்டு, நனைத்து, ஏப்ரல், மே வெயிலில் கண்ணாடிபோன்ற பாலிதீன் விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி ஆறு வாரம் வேகவிடுங்கள். கறுப்பு ஷீட் வேண்டாம், கோரைக்குருத்து ஊசிபோலக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். ஆழத்துக் கிழங்குகள் சில தப்பும். அவற்றைக் கையால் எடுத்துவிடலாம்.

அப்புறம் புதுச் செம்மண் இறக்கும்போது ஒரு கூடை சலித்துப் பாருங்கள். என் வீட்டுக்குக் கோரை லாரியில்தான் வந்தது.