தொண்ணூறா, அறுபத்தெட்டா, யூ.டி.டி.ஓ.வா: கியர்ப்பெட்டியும் ஹைட்ரோலிக்கும் ஒரே ஒயிலில் ஓடும்போது

காலபோக உழவு தொடங்குவதற்கு முன்னர், ஆவணி, புரட்டாதி மாதங்களில், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கராஜ் வாசல்களில் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். என்ஜின் ஒயிலைப் பற்றி அங்கே பெரிய வாக்குவாதம் எழுவதில்லை. கியர்ப்பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் எதை ஊற்றுவது என்பதில்தான் ஆளுக்கொரு கொள்கை இருக்கிறது. ஒருவர் தொண்ணூறாம் நம்பர் கியர் ஒயில்தான் நின்றுபிடிக்கும் என்பார். இன்னொருவர் அறுபத்தெட்டாம் நம்பர் ஹைட்ரோலிக் ஒயிலை ஊற்றினால், கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் துள்ளி எழும்பும் என்பார். கடைக்காரர் உழவு இயந்திரப் படம் போட்ட யூ.டி.டி.ஓ. என்ற பொது ஒயில் வாளி ஒன்றைக் காட்டி, எல்லாவற்றுக்கும் இது போதும் என்பார். மூவரும் தடிப்பையும் விலையையுமே பேசுகிறார்கள். அந்த ஒயில் உள்ளே எத்தனை வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதை யாரும் முதலில் கேட்பதில்லை.

நான்கு சில்லு உழவு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் கியர்ப்பெட்டி, பின்சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், ஹைட்ரோலிக் பம், லிஃப்ட் ஆகிய எல்லாம் ஒரே ஒயிலைத்தான் பயன்படுத்துகின்றன. பிற்கால இயந்திரங்கள் பலவற்றில் பிறேக் தட்டுகளும் அதே ஒயிலுக்குள் மூழ்கியே இருக்கின்றன. இந்த வேலைகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. கியர்ப் பற்களுக்குப் பாரத்தில் அறுந்துபோகாத தடித்த படலம் வேண்டும். பம்முக்கு இலகுவாக உறிஞ்சக்கூடிய, நுரைக்காத ஒயில் வேண்டும். பிறேக்குக்கோ வழுக்கவும் கூடாது, விட்டுவிட்டுப் பிடித்து அலறவும் கூடாது. ஆகவே எந்த ஒயில் சிறந்தது என்ற கேள்விக்கு, இயந்திரத்தின் பெயரைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது.

வன்னியில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மாசி பேர்கசன் 135 ஐ எடுத்துக்கொள்வோம். 1964 இல் அறிமுகமான இந்த இயந்திரத்தின் ஹைட்ரோலிக் பம், நான்கு பிஸ்டன்களோடு, கியர்ப்பெட்டிக்குப் பின்னாலுள்ள உறைக்குள் ஒயிலிலேயே மூழ்கி இருக்கிறது. அந்த ஒயில் ஏறத்தாழ 30 லீற்றர். பிறேக் மட்டும் ஒயில் படாத உலர் வகை. எனவே தொண்ணூறை ஊற்றினால் பிறேக்குக்கு ஒன்றும் ஆகாது. கியரும் அமைதியாக ஓடும். பம்தான் பாடுபடும். 40 பாகை செல்சியசில் தொண்ணூறாம் நம்பர் கியர் ஒயில், அறுபத்தெட்டாம் நம்பர் ஹைட்ரோலிக் ஒயிலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்தது. விடியற்காலையில், இயந்திரம் சூடாகுமுன், அதை உறிஞ்ச முடியாமல் பம் இரைவதையும் லிஃப்ட் சோம்பலாக எழும்புவதையும் எவரும் கேட்டும் பார்த்தும் இருப்பார்கள்.

அப்படியிருந்தும் தொண்ணூறுக்கு இவ்வளவு ஆதரவு ஏன்? தூக்கிய கலப்பை தானாக இறங்கும் பழைய இயந்திரத்தில், தடித்த ஒயில் அந்த இறக்கத்தை மெதுவாக்குகிறது. கசியும் சீலிலும் சொட்டுகள் குறைகின்றன. ஆனால் குறை இருப்பது சிலிண்டரின் தேய்ந்த வளையத்திலோ கட்டுப்பாட்டு வால்விலோதான். தடித்த ஒயில் அதைத் திருத்துவதில்லை, மறைக்கிறது. திருத்தும் செலவு அடுத்த போகத்துக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். இன்னொரு மயக்கமும் உண்டு. கியர் ஒயிலின் நம்பரும் என்ஜின் ஒயிலின் நம்பரும் வெவ்வேறு அளவுகோல்களைச் சேர்ந்தவை. கியர் ஒயிலில் 90 என்பது என்ஜின் ஒயிலின் 40, 50 அளவு தடிப்புத்தான். 90 என்றவுடன் 40 ஐப்போல இரண்டு மடங்கு என்று நினைப்பது தவறு.

தொண்ணூறுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர், வாளியில் கியர் ஒயிலின் தரக்குறி ஜி.எல்.-4 என்று இருக்கிறதா, ஜி.எல்.-5 என்று இருக்கிறதா என்பதையாவது பார்க்க வேண்டும். கடும் அழுத்தத்துக்கான கந்தகச் சேர்க்கை ஜி.எல்.-5 இல் அதிகம். சூடேறும்போது அது பித்தளை, வெண்கலப் புஷ்களை அரிக்கக்கூடும். நம்பர் கூடினால் தரமும் கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது.

அறுபத்தெட்டாம் நம்பர் ஹைட்ரோலிக் ஒயில் நேர்மையான சரக்கு. ஆனால் அதன் இடம் வேறு. தனி ஒயில் தாங்கியும் தனிப் பம்மும் உள்ள லோடர், எக்ஸ்கவேற்றர் போன்றவற்றுக்கு அது பொருத்தம். கியர்ப் பற்களின் பாரத்தைத் தாங்கும் சேர்க்கை அதில் இல்லை. மூழ்கிய பிறேக்குக்கான சேர்க்கையும் இல்லை. லிஃப்ட் துள்ளி எழும்புவது உண்மைதான், ஆனால் அந்தத் துள்ளலுக்கான விலையைக் கியரும் டிஃபரன்ஷியலும் கொடுக்கும்.

மூழ்கிய பிறேக் உள்ள இயந்திரங்களைப் பொறுத்தவரை விவாதத்துக்கு இடமே இல்லை: யூ.டி.டி.ஓ. எனப்படும், கியருக்கும் ஹைட்ரோலிக்குக்கும் பிறேக்குக்கும் பொதுவான உழவு இயந்திர ஒயில்தான் வேண்டும். உராய்வைச் சீராக்கும் சேர்க்கை அதில் உண்டு. அது இல்லாத ஒயிலில் பிறேக் மிதிக்கும்போதெல்லாம் பின்பக்கம் நடுங்கி அலறும், தட்டுகளும் விரைவில் தேயும். ஆனால் வாளியின் படத்தை நம்பாமல் அதன் பின்புறத்தைப் படிக்க வேண்டும். மாசி பேர்கசன் என்றால் எம் 1135, எம் 1141, எம் 1143, எம் 1145 போன்றவற்றில் கைநூல் கேட்கும் எண், ஜோன் டியர் என்றால் ஜே 20 சி, போர்ட் என்றால் எம்2சி 134-டி என்று அங்கே இருக்க வேண்டும். ஜே 20 டி குளிர் நாடுகளுக்கான மெல்லிய வகை. வன்னி வெயிலுக்கு அது தேவையில்லை. குபோட்டா தன் ஒயிலை யூ.டி.டி. என்று அழைக்கிறது. பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காக அதுவும் இதுவும் ஒன்றென்று கொள்ளாமல், குபோட்டாவுக்கு ஏற்றது என்று வாளியில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

வழக்கொழிந்த தர எண் ஒன்றை மட்டும் வாளியில் போட்டு விற்பது எங்கும் நடப்பதுதான். அமெரிக்காவில் ஜோன் டியரின் 303 என்ற ஒயில் திமிங்கில எண்ணெய் கலந்து செய்யப்பட்டது. திமிங்கில எண்ணெய்க்குத் தடை வந்ததால் 1970களில் அதன் உற்பத்தி நின்றது. அந்த எண் வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அதே எண்ணை ஒட்டிய மலிவு வாளிகள் அங்கே விற்பனையாகின. தர எண் இல்லாமல் உழவு இயந்திர ஒயில் என்று மட்டும் எழுதப்பட்ட வாளியை நான் வாங்குவதில்லை.

என்ஜினுக்கும் சேர்த்து ஒரே ஒயில் என்று வரும் எஸ்.டி.ஓ.யூ. வகையைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மூன்று பழைய இயந்திரங்களை வைத்து வாடகைக்கு உழுபவருக்கு ஒரே பரல் போதும், மாறி ஊற்றும் பயமில்லை. புதிய என்ஜினும் மூழ்கிய பிறேக்கும் கொண்ட இயந்திரத்துக்குக் கைநூல் அனுமதித்தால் ஒழிய அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, நம் வயலின் சிறப்புச் சிக்கலான தண்ணீர். சேற்றுழவில் அச்சுவரை அமிழ்ந்து ஓடும் இயந்திரத்துக்குள் சீல் வழியாகத் தண்ணீர் புகாமல் இருப்பது அரிது. ஹைட்ரோலிக் ஒயில் தண்ணீரைப் பிரித்து அடியில் விட்டுவிடும். வடிகால் ஆணியைத் தளர்த்தினால் அதுதான் முதலில் வரும். யூ.டி.டி.ஓ. சிறிதளவு தண்ணீரைத் தன்னோடு கலந்து சுமக்கும். அளவு மீறினால் பால்தேநீர் நிறமாக மாறும். இது அதன் குறையென்று சிலர் சொல்வார்கள். அந்த நிறம் ஓர் எச்சரிக்கை என்பதே என் எண்ணம். ஐயமிருந்தால் நன்கு சூடாக்கிய தகரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. பால்நிறமான ஒயிலுக்கு மேலே புதிய ஒயிலை விட்டு அளவை நிரப்புவது வீண்செலவு. முழுவதையும் வடித்து, வடிகட்டியையும் மாற்ற வேண்டும். கைநூல்கள் பலவும் ஆயிரம் மணி நேரத்தை ஒட்டி ஒயில் மாற்றச் சொல்கின்றன. சேற்றில் உழுத இயந்திரத்துக்கு அந்தக் கணக்கைப் பார்த்திராமல், போகம் முடிந்ததும் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

ஒயில் கெடுவதற்குக் கவனத்துக்கு வராத இன்னொரு வழி, இரவல் வாங்கும் டிப்பர்ப் பெட்டி. அதன் சிலிண்டருக்குள் தங்கிய முந்தைய இயந்திரத்தின் ஒயில், குழாயை இணைத்தவுடன் நம் இயந்திரத்துக்குள் வந்துவிடும். அங்கே தொண்ணூறும் தண்ணீரும் இருந்தால், இங்கே ஊற்றிய நல்ல ஒயிலும் அதோடு சேர்ந்துவிடும்.

இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டருக்கு ஹைட்ரோலிக் கிடையாது; கைநூல் தொண்ணூறு என்றால் தொண்ணூறு, அத்தோடு பேச்சு முடிந்தது. உலர் பிறேக் கொண்ட 135 க்கு நான் எம் 1135 எழுதிய யூ.டி.டி.ஓ.வையே ஊற்றுவேன், லிஃப்ட் இறங்கினால் சிலிண்டரைக் கழற்றுவேன்.