மாலையில் வரவேற்பு, காலையில் முகூர்த்தம், ஒரே மேடை: ரோஜாச் சுவரா, செயற்கைப் பூவா, குருத்தோலையா?

கல்யாண மேடை பேசப்போகும்போது கைபேசியில் நாலு படம் இருக்கும். வெள்ளை ரோஜாச் சுவர், ஊதா ஆர்க்கிட் தொங்கல், நடுவில் பெயர் எழுதிய நியான் விளக்கு. எல்லாமே கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை வேலை முடிந்த கையோடு, மேடையில் ஆள் ஏறுவதற்கு முன்னால் எடுத்தவை. சென்னையிலும் வட மாவட்டங்களிலும் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்பதுதான் வழக்கமாகிவிட்டது. மதியம் 1 மணிக்குக் குத்தத் தொடங்கும் பூ, மறுநாள் காலை 6 மணிக்குத் தாலி கட்டும்போது 17 மணி நேரம் தாண்டியிருக்கும். ஆயுளுக்கும் ஆல்பத்தில் இருக்கப்போகிற படம் அந்த நேரத்தில் எடுப்பதுதான். ஆகவே மேடையை மாலைக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், காலைக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு, தென்னையின் விரியாத இளம் ஓலையான குருத்தோலையில் கட்டும் மேடைக்கு. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

எல்.இ.டி. திரையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். வரவேற்பில் பாட்டுக் கச்சேரிக்குப் பின்னால் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். மணமக்களுக்கு நேர் பின்னால் வைத்தால் கேமராவில் கோடுகளும் அலைகளும் விழும். திரையின் ஒளி தோள், காது ஓரங்களில் நீலமாகப் படியும். ஓமப் புகைக்குப் பின்னால் ஓடும் அனிமேஷன் அருவியை யாரும் விரும்பி ஆல்பத்தில் வைப்பதில்லை.

செயற்கைப் பூ

இதன் பலம் வெளிப்படை: வாடாது, விலை குறைவு, இரண்டு மணி நேரத்தில் மேடை தயார். பேனல்களாகக் கட்டி வைத்திருப்பார்கள். கொண்டுவந்து மாட்டினால் முடிந்தது. ஆனால் அதே பேனல் ஒரு முகூர்த்த மாதத்தில் எத்தனை மண்டபம் ஏறி இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பூ முதலில் மஞ்சளேறும். மடங்கிய இதழ் நிமிராது. பசைத் துப்பாக்கியின் நூல்கள் சிலந்தி வலை போல நிற்கும். பத்தடி தள்ளி நிற்கும் விருந்தினருக்கு இது தெரியாது. மணமக்கள் முகத்துக்குக் குவியம் வைக்கும் கேமராவுக்குத் தெரியும். பாலியஸ்டர் இதழின் மினுக்கம் நேர் வெளிச்சத்தில் வெள்ளைப் புள்ளியாக அடிக்கும். இதைத்தான் எடுப்பது என்று முடிவானால் ஆல்பம் பார்த்து முன்பணம் தராமல், அவர்கள் கிடங்குக்குப் போய் நம் மேடைக்கு வரப்போகும் பேனலையே இரண்டடி தூரத்தில் நின்று பாருங்கள்.

ஓமம் உள்ள கல்யாணத்தில் இன்னொரு கவலையும் உண்டு. பாலியஸ்டர் பூ, பாலிஎத்திலீன் இலை, பின்னால் சாட்டின் துணி மூன்றும் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். மேடைமேல் நிறுத்தும் நான்கு தூண் பந்தலின் கூரையில் இவற்றைத் தொங்கவிட்டு அடியில் நெய் வார்ப்பது ஆபத்து. ஓமகுண்டத்துக்கு நேர் மேலே எதுவும் தொங்கக் கூடாது. சுற்றிலும் நான்கடியாவது விட்டு, தீயணைப்பானைக் கை எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். இந்த விதி குருத்தோலைக்கும் சேர்த்துத்தான்.

எட்டடிக்கு மேலே, தூணின் உச்சியிலும் கூரை ஓரத்திலும் ஓமத்தை விட்டுத் தள்ளி வைத்தால் செயற்கைப் பூவை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. அங்கே வைத்து மிச்சம் பிடிப்பதில் தவறில்லை. கை எட்டும் உயரத்தில் உள்ளவை நிஜப் பூவாக இருக்கட்டும்.

ரோஜாச் சுவரின் கணக்கு

தண்டோடு வெட்டி வரும் கொய்மலர்களால் அடைத்த சுவர்தான் இப்போதைய ஆசை. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து ரோஜா, ஜெர்பரா, கார்னேஷன் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. நல்ல பூ, நல்ல நிறம். சிக்கல் இருப்பது பூவில் அல்ல, தண்ணீரில்.

20 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட சுவர் 200 சதுர அடி. விரிந்த ரோஜா ஒன்று ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். இடைவெளி தெரியாமல் அடைத்தால் சதுர அடிக்கு 30 பூவாவது வேண்டும். ஆக 6,000 ரோஜா. ஒரு கட்டில் 20 என்றால் 300 கட்டு. இவ்வளவு பூவும் உயிரோடு நிற்க, தண்டு தண்ணீரில் இருக்க வேண்டும். அதற்குத்தான் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பச்சை நிற ஓயாசிஸ் நுரைக் கட்டி. ஒரு கட்டி 23 சென்டிமீட்டர் நீளம், 11 அகலம், 8 தடிமன். நனைந்தால் ஏறத்தாழ 2 கிலோ. சதுர அடிக்கு மூன்றரைக் கட்டி என்றால் 200 சதுர அடிக்கு 700 கட்டி, சுமார் 1,400 கிலோ. தற்காலிகச் சட்டத்தில் இவ்வளவு எடையை யாரும் தொங்கவிட மாட்டார்கள். அதனால் பல இடங்களில் நடப்பது இதுதான்: கட்டியை நனைக்காமலோ, கம்பி வலையிலோ, தண்டை இரண்டு அங்குலமாக வெட்டிக் குத்திவிடுவார்கள். குத்திய நொடியிலிருந்து பூ தன்னிடம் உள்ள ஈரத்தில்தான் வாழ்கிறது. மாலை 7 மணிக்கு அழகு. இரவு 11 மணிக்கு வெளி இதழ் சுருளும். காலையில் ரோஜா தலை தொங்கும், ஜெர்பரா கழுத்தொடிந்து நிற்கும்.

குளிரூட்டிய மண்டபம் என்றால் தப்பிக்கலாம் என்பது பாதிதான் உண்மை. வெப்பம் குறையும், கூடவே காற்றின் ஈரமும் குறையும். ஏசி காற்று நேரே அடிக்கும் பக்கத்துப் பூ முதலில் காயும். பழைய ஹாலஜன் விளக்குகளை மேடைக்கு அருகில் வைத்தால் கதை இன்னும் சீக்கிரம் முடியும்.

பலர் கவனிக்காத ஒன்று பழம். சீர்வரிசைத் தட்டுக்கான பழுத்த வாழைத்தாரையும் மாம்பழத்தையும் பூப்பெட்டி வைத்திருக்கும் அறையிலேயே பூட்டி வைப்பார்கள். பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடும். கார்னேஷன் அதில் பட்டால் விரியாமல் கூம்பிவிடும், ஆர்க்கிட் உதிரத் தொடங்கும். பழத்துக்கு ஓர் அறை, பூவுக்கு ஓர் அறை என்று மண்டபத்தில் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆர்க்கிட்டையும் அந்தூரியத்தையும் ஐஸ் பெட்டியில் போடுவதும் தவறு, கடுங்குளிரில் கறுத்துவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு ரோஜாதான் வேண்டும் என்றால் சுவரை விட்டுவிட்டு, மணமக்கள் அமரும் இடத்துக்குப் பின்னால் 6 அடிக்கு 7 அடி மட்டும் அடர்த்தியாகச் செய்யுங்கள். 42 சதுர அடிக்கு 1,260 பூ போதும். கேமராவின் சட்டகத்தில் வருவதும் அவ்வளவுதான். கட்டியின் எடையும் 300 கிலோவுக்குள் அடங்கும். அடியில் கனமான இரும்புப் பலகை வைத்த சட்டம் அதைத் தாங்கும். கட்டியைத் தண்ணீரில் அமுக்கி நனைக்க விடாதீர்கள். மிதக்கவிட்டு அதுவாக மூழ்க வேண்டும். அமுக்கினால் வெளியே ஈரமும் உள்ளே உலர்ந்த காற்றுமாக இருக்கும், தண்டின் நுனி அந்தக் காற்றில்தான் போய் நிற்கும். அந்தக் கட்டி மக்காது என்பதும் எனக்கு உறுத்தல்தான்.

குருத்தோலை, சரம், பாளை

குருத்தோலை என்றதும் கோயில் திருவிழாப் பந்தல் நினைவுக்கு வரும். ஆனால் இளமஞ்சள் குருத்தை விசிறி மடிப்பாக மடித்து ஒரே சீராக அடுக்கி, நடுவில் வெள்ளைச் சம்பங்கிச் சரமும் பித்தளை மணியும் மட்டும் விட்டால், இன்றைய எந்த மேடைக்கும் குறையாத நவீனத் தோற்றம் வரும். நிறம் இரண்டே இரண்டு: சந்தனமும் வெள்ளையும். அரக்குக் கூறைப்புடவை அதன் முன்னால் எடுப்பாக நிற்கும். சிவப்பு வெல்வெட் திரையின் முன்னால் அதே புடவை காணாமல் போய்விடும்.

இதன் உண்மையான வலிமை, வாடும்போது அசிங்கமாவதில்லை என்பது. குருத்து 17 மணி நேரத்தில் சந்தன நிறத்திலிருந்து வைக்கோல் நிறம் நோக்கி லேசாக நகரும், நுனி கொஞ்சம் சுருளும். ஆனால் தொங்காது, உதிராது, கறுக்காது. ஈர்க்கை உருவாமல் மடித்தால் விறைப்பு அப்படியே இருக்கும். முதல் நாள் காலையில் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்தது வேண்டும். முந்தின வாரமே வெட்டிக் கிடங்கில் கிடந்த குருத்து, மடிக்கும்போதே ஒடியும்.

அளவு: பிரித்த ஒரு குருத்து நாலைந்து அடி அகலத்துக்குத் திரைபோல விழும். 20 அடி அகலத்துக்கு இரண்டு அடுக்கு என்றால் பத்து குருத்து; கிளி, பந்து, தோரணம் மடிக்க இன்னும் ஐந்து. தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலைதான் விடும். ஒரே மரத்தில் அடுத்தடுத்து வெட்டினால் காய்ப்புக் குறையும். பல மரங்களில் பிரித்து வெட்டச் சொல்வது தோப்புக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை.

அடுத்து சரம். இங்கேதான் காலை மேடையின் ரகசியம் இருக்கிறது. சரத்தை மேடையில் நேரடியாகக் கட்டாதீர்கள். ஐந்தடிப் பைப்பில் அரையடிக்கு ஒன்றாகப் பத்துச் சரம் கட்டி, பைப்பையே கொக்கியில் மாட்டுங்கள். இப்படி நான்கு பைப். ஐந்தடி நீளத்தில் 40 சரம் என்றால் 200 அடி. செண்டுமல்லியில் அடிக்கு எட்டுப் பூ வைத்தால் 1,600 பூ, ஏறத்தாழ 10 கிலோ. இதே போல இன்னொரு செட் காலைக்கு. இரண்டும் சேர்ந்து 20 கிலோ. ரோஜாச் சுவரின் 6,000 பூவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலை 4 மணிக்கு இரண்டு பேர் பழைய பைப்பைக் கழற்றிப் புதியதை மாட்டினால், ஐயர் வந்து உட்காரும்போது மேடை புதுசு.

காலைச் சரத்தை இரவு வைக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுவது. செண்டுமல்லியில் தண்ணீர் தெளிக்கக் கூடாது. இதழ்களுக்கு நடுவே நீர் தங்கி விடிவதற்குள் அழுகிக் கறுக்கும். மூங்கில் கூடையில் வாழையிலை விரித்து, சரத்தைத் தளர்வாகச் சுருட்டி, மேலே பிழிந்த ஈரத்துணி போர்த்தினால் போதும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கிப் பழுத்துவிடும். சம்பங்கி லேசான தெளிப்பைத் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செண்டுமல்லி நீர் கோத்து வரும். அப்போது செவ்வந்திக்கு மாறுவது நல்லது.

மல்லியை மேடைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது மாலையில் மலரும் பூ. விடியலில் மொட்டாகப் பறித்தது அன்று இரவே விரிந்து, மறுநாள் காலையில் ஓரம் பழுத்து உதிரும். தை மாதத்தில் பனியால் வரத்தும் சுருங்கி, முகூர்த்த நாளில் விலை கேட்கவே கஷ்டமாக இருக்கும். மல்லி கூந்தலுக்கு இருக்கட்டும். மணமக்கள் பின்னால் ஒரு தனி அழகு வேண்டுமென்றால் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையின் மாணிக்கமாலை இருக்கிறது. பூவை மடித்துத் தட்டையாகக் கோத்து, கல் பதித்த நகைபோலக் காட்டும் அந்த மாலையை ஆர்க்கிட்டுக்குப் பதிலாக நடுவில் தொங்கவிட்டால் வேறு அலங்காரமே தேவைப்படாது.

தென்னம்பாளையை மட்டும் மாலையில் பிரிக்காதீர்கள். பிரித்தால் இரவெல்லாம் பூ உதிரும். மூடிய பாளையாகவே வைத்திருந்து காலையில் கீறினால் புதுப் பொன்னாக விரியும்.

குறைகளும் உண்டு. மடிக்கத் தெரிந்த கைகள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆள் கிடைக்கும் என்று உறுதியான பிறகே முன்பணம் கொடுங்கள். வாழையிலையை முக உயரத்தில் பின்திரையாக ஒட்டினால் சில மணி நேரத்தில் ஓரம் சுருளும், வெளிச்சம் பட்டு முகத்தில் பச்சை சாயும். இருக்கையை பின்திரையிலிருந்து நான்கடி முன்னால் போட்டு, முன்விளக்கை முழுக்க 3,000 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சளாக வைத்தால் குருத்தின் நிறமும் தோலின் நிறமும் ஒத்துப்போகும். ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெள்ளை என்று கலந்துவிட்டால் எந்தப் புகைப்படக்காரராலும் சரிசெய்ய முடியாது.

குருத்தோலைப் பக்கம் நான் சாய்வது எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். தென் மாவட்டங்களில் பல வீடுகளில் நடப்பதுபோலக் காலையில் முகூர்த்தம் முடித்து, வரவேற்பை அன்று மாலையோ வேறொரு நாளோ வேறு அரங்கில் வைத்தால், 17 மணி நேரக் கணக்கே அடிபட்டுப் போகும். நான்கு மணி நேர வரவேற்புக்கு மட்டும் என்றால் ரோஜாவும் ஆர்க்கிட்டும் தாராளமாக நிற்கும். அங்கே குருத்தைவிட அவை எடுப்பாகவும் இருக்கலாம்.

எதை எடுத்தாலும் ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: காலை 4 மணிக்கு மாற்றுச் சரத்தோடு இரண்டு ஆள் மண்டபத்தில் இருக்க வேண்டும்; வாசல் வாழைமரத்தை முதல் நாளே வெட்டிக் கறை வடியவிட்டு, வெட்டுவாயில் சாக்குச் சுற்றிக் கட்ட வேண்டும். வாழைக்கறை பட்டுப்புடவையில் பட்டால் எந்தச் சலவையிலும் போகாது.