சேத் தாமஸ் ‘ஆடமன்டைன்’ கடிகாரம்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தாமஸ்டன் நகரில் செய்யப்பட்ட சேத் தாமஸ் கடிகாரம் ஒன்று எங்கள் வீட்டுக் கணப்படுப்பின் மேற்பலகையில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுவனத்தைத் தொடங்கிய சேத் தாமஸின் நினைவாக 1875இல் அந்தப் பெயரைப் பெற்ற ஊர் அது. விற்றவர் இதனை 1880களைச் சேர்ந்தது என்று விளம்பரம் செய்திருந்தார். ஆனால் பெட்டியின் அடியில் மங்கிய மையில் ‘4091 எஃப்’ என்ற முத்திரை இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த நிறுவனம் ஆண்டின் இலக்கங்களைத் தலைகீழ் வரிசையில் பதித்து, பக்கத்தில் மாதத்துக்கு ஓர் எழுத்தைச் சேர்த்து வந்ததால், இது 1904 ஜூனில் செய்யப்பட்டது என்று ஐயமின்றிச் சொல்லலாம். பழங்கடிகாரத்தின் வயதை இருபது ஆண்டு கூட்டிச் சொல்வது விற்பவர்களுக்குக் கைவந்த கலை.

கறுப்புச் சலவைக்கல் போலத் தோன்றும் இதன் பெட்டி உண்மையில் மரம்தான். அதன்மேல் செல்லுலாய்டை, அதாவது தொடக்ககாலப் பிளாஸ்டிக் ஒன்றை, மெல்லிய தகடாக ஒட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கல் கடிகாரங்களை வாங்க வசதியில்லாத நடுத்தரக் குடும்பங்களுக்காக, ‘ஆடமன்டைன்’ என்ற பெயரில் 1880களிலிருந்து இவ்வகைக் கடிகாரங்களை ஆயிரக்கணக்கில் விற்றார்கள். பக்கவாட்டில் வளையத்தைக் கவ்விய சிங்கமுகங்களும், முன்புறம் பச்சைக்கல் சாயலில் தூண்களும் உண்டு. வெயில் நேரடியாகப் படும் இடத்தில் வைத்தால் கறுப்பு வெளிறிப் பழுப்பாகிவிடும். நகப்பூச்சை அகற்றும் அசிட்டோன் ஒரு துளி பட்டாலும் மேற்பரப்பு கரைந்துவிடும் என்பதால், சற்றே ஈரமான மென்துணியைத் தவிர நான் வேறெதையும் பயன்படுத்துவதில்லை. செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றக்கூடியது. ஆகவே குளிர்காலத்தில் கணப்பை மூட்டுகிறவர்கள் இதனை அதன் மேல் வைக்கவே கூடாது. எங்கள் வீட்டுக் கணப்பு வெறும் அலங்காரத்துக்கானது.

ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும். நான் ஞாயிறுதோறும் கொடுக்கிறேன். வலப்பக்கத் துளை நேரத்துக்கு, இடப்பக்கத் துளை மணியடிப்பதற்கு. பன்னிரண்டுக்கு அருகிலுள்ள சிறிய துளையில் சாவியின் மெல்லிய முனையைச் செருகித் திருப்பினால் பெண்டுலத்தின் நீளம் மாறி, ஓட்டம் வேகமாகவோ மெதுவாகவோ ஆகும். எனினும் முழுத் துல்லியத்தை எதிர்பார்க்க வேண்டாம். இதன் ஸ்பிரிங் உருளைக்குள் அடைக்கப்படாமல் வெறுமனே சுருண்டிருப்பது. சாவி கொடுத்த முதல் நாட்களில் அதன் விசை மிகுந்தும் வாரக் கடைசியில் குறைந்தும் இருப்பதால், முதலில் சற்று முந்தி, பிறகு பிந்தி, வார முடிவில் ஓரிரு நிமிட வேறுபாட்டைக் காட்டுகிறது. நூற்றாண்டைக் கடந்த இயந்திரத்துக்கு இது போதும் என்றே கருதுகிறேன்.

மணியொலிதான் இதன் தனிச்சிறப்பு. முழு மணிக்குச் சுருள்கம்பியில் ஆழ்ந்த நாதமும், அரை மணிக்குச் சிறு மணியில் ஒற்றைத் தட்டும் கேட்கும். ஒரு நாளில் மொத்தம் 180 தட்டுகள். படுக்கையறைக்கு அடுத்த சுவரில் வைக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் கொள்வது நல்லது. சில வேளை முள் நான்கைக் காட்டும்போது கடிகாரம் ஐந்து அடிக்கும். இதற்குப் பழுதுபார்ப்பவரைத் தேட வேண்டியதில்லை: சின்ன முள் உராய்வால் மட்டுமே அச்சில் பிடித்திருப்பதால், அடித்த எண்ணுக்கு நேராக அதைக் கையால் திருப்பிவிட்டு, பெரிய முள்ளை முன்னோக்கி நகர்த்தி, ஒவ்வொரு அரை மணியிலும் நிறுத்தி அடிக்கவிட்டுச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

கடிகாரம் அடிக்கடி நின்றுபோனால் முதலில் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பயனில்லை, பெண்டுலத்தைத் தள்ளும் கம்பியை மயிரிழை அளவு வளைத்தால் நடை சீராகும்.

வாங்கும்போது பெட்டியின் பளபளப்பைவிட இயந்திரமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. பின்கதவைத் திறந்து, பித்தளைத் தகட்டில் அச்சுமுனைகள் சுழலும் துளைகளை அருகில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். துளை முட்டை வடிவில் தேய்ந்திருக்கலாம். அல்லது தேய்ந்த துளையை இறுக்குவதற்காகச் சுற்றிலும் ஆணியால் குத்திய புள்ளிகள் தெரியலாம். இரண்டாவது, முன்பு எவரோ அரைகுறையாகப் பழுதுபார்த்ததற்கான அடையாளம். தேய்ந்த துளையில் புதிய புஷ், அதாவது சிறு உலோக வளையம், போடும் கூலி கடிகாரத்தின் விலையையே தாண்டிவிடக்கூடும். பெட்டிக்குள் பயன்படாத பழைய திருகுத் துளைகள் இருந்தால், வேறொரு கடிகாரத்தின் இயந்திரத்தை இதில் பொருத்தியிருக்கிறார்கள் என்று ஐயுறலாம். அனுப்பும் முன் பெண்டுலத்தைக் கழற்றித் தனியே சுற்றும்படி எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டும் அதைச் செய்யாத ஒருவரிடமிருந்து வந்த கடிகாரத்தில் பெண்டுலத்தைத் தாங்கும் தொங்கு ஸ்பிரிங் முறிந்து, பெண்டுலக் குண்டு பெட்டிக்குள் உருண்டு சுருள்கம்பியையும் வளைத்திருந்தது.

சுவர்க் கடிகாரம் வேண்டுவோர் பலர், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கடிகாரத் தயாரிப்பாளர் சான்சி ஜெரோம் செய்த, ஸ்பிரிங்குக்குப் பதில் எடையால் ஓடும் கடிகாரங்களை நாடுகிறார்கள். எங்களிடமும் ஒன்று உண்டு. உள்ளே ஒட்டிய அச்சுத்தாள் இன்னும் கிழியாமல் இருப்பதால் பார்க்க இனிது. ஆனால் 30 மணி நேரமே ஓடும் அதற்கு நாள்தோறும் சாவி கொடுத்தாக வேண்டும். புழக்கத்துக்கு அது ஒத்துவராது. இன்னொன்று: டயலில் ‘31 டே’ என்று அச்சிட்ட சுவர்க் கடிகாரத்தை அமெரிக்கப் பழம்பொருள் என்று யாரேனும் காட்டினால் நகர்ந்துவிடுங்கள், அவை பெரும்பாலும் 1970களை ஒட்டிக் கொரியாவிலிருந்து வந்த சாயல் பொருட்கள்.