க்ரொனும் புரோசெஸ் லொக்கும்: வெள்ளவத்தை அலுவலகச் சேர்வரில் சில வருடங்கள்

வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தின் லினக்ஸ் சேர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் புரோசெஸ்களை (இயங்கும் நிரல்களை) பிஎஸ், டொப் என்ற கட்டளைகளால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து லொக்கில், அதாவது ஒரு பதிவுக் கோப்பில், எழுதி வைக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று 2021 முதல் அதில் இருக்கிறது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரொன்தான் அதை ஓட்டுகிறது.

முதல் வாரம் ஒரு வரிகூட விழவில்லை. கையால் ஓட்டினால் எல்லாம் சரி, க்ரொன் ஓட்டினால் எதுவும் இல்லை. லொக் கோப்பின் பெயரில் திகதி வருவதற்காக க்ரொன்டாப் (க்ரொன் வேலைகளின் பட்டியல்) வரியிலேயே % போட்டிருந்தேன். அங்கே % என்றால் வரி முடிந்தது என்று அர்த்தம், முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட்டால்தான் வெறும் % குறியாக நிற்கும். அதைத் திருத்தியதும் டொப் அடம்பிடித்தது. க்ரொனுக்குத் திரை ஏது, திரை இல்லாமல் வெறும் எழுத்தாகத் தரும் பட்ச் முறையில் ஓடச் சொன்னால்தான் டொப் வாய் திறக்கும். இந்த இரண்டையும் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் போனதற்குக் காரணம் பிழைச் செய்திகளை எங்கும் சேமிக்காமல் விட்டதுதான். இப்போது அவற்றுக்கென்று தனிக் கோப்பு இருக்கிறது, நீங்களும் முதல் நாளே வைத்துவிடுங்கள்.

2022 மின்வெட்டில் இரவுச் சுருக்க அறிக்கை அடிக்கடி தவறியது. சேர்வர் அணைந்திருந்த நேரத்து வேலையைக் க்ரொன் பிறகு செய்யாது. அந்த அறிக்கையை மட்டும் லினக்ஸின் இன்னொரு நேர ஏற்பாடான சிஸ்டம்டி டைமருக்கு மாற்றி, பெர்சிஸ்டண்ட் என்ற அமைப்பைப் போட்டேன், கரண்ட் வந்து சேர்வர் எழும்பியதும் விட்டதை ஓட்டிவிடும். 5 நிமிட லொக்குக்கு இது தேவையில்லை, போன நேரத்து நிலவரத்தைப் பிறகு எப்படி எடுப்பது?

உண்மையில் என்னை ஆட்டிவைத்தது ஒவ்வொரு புரோசெஸும் சிபியுவை எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்ற எண்தான். "தம்பி, நாலு மணியானா திரும்பவும் இழுபடுது" என்று கணக்காளர் அக்கா தினமும் கூப்பிடுவார். சேர்வர் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் யூடிசி நேரத்தில் ஓடியதால் லொக்கில் 10:30ஐப் பார்க்க வேண்டும், பார்த்தேன், ஒரு புரோசெஸும் 1 சதவீதத்தைத் தாண்டவில்லை. பிஎஸ் காட்டுவது அந்த நிமிடத்துக் கணக்கு அல்ல, புரோசெஸ் தொடங்கிய நாளிலிருந்து வரும் சராசரி என்பது அப்புறம்தான் உறைத்தது. 10 நாள் சும்மா கிடந்த ஒன்று 5 நிமிடம் சிபியுவின் ஒரு கோரை (core) முழுதாகத் தின்றாலும் அதில் 0.0 என்றுதான் வரும்.

டொப்பின் முதல் எடுப்பும் அதே போன்ற சராசரிதான், இரண்டாவதுதான் இடைப்பட்ட நேரத்துக் கணக்கு. அதனால் டொப்பை இரண்டு தடவை எடுக்கச் சொல்லி, முதலாவதை விட்டு இரண்டாவதை மட்டும் லொக்கில் எழுதினேன். அடுத்த நாளே 10:30 வரியில் அறிக்கை தயாரிக்கும் சேவை 98 சதவீதத்தில் நின்றது.